விளங்குதா என்று கேட்டால் ஏன் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்?

கேள்வி: 2025 பெப்ரவரி 3

வன்னியில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. "விளங்குதா?" என்று கேட்டால் நாற்பது பேரும் தலையாட்டுகிறார்கள். "கேள்வி இருக்கா?" என்றால் மேசையைப் பார்க்கிறார்கள். சிறு பரீட்சை வைத்தால் பாதிப் பேர் சுட்டெண்ணை மட்டும் எழுதித் தாளை நீட்டுகிறார்கள். இவர்களுக்குப் படிக்கவே விருப்பமில்லையா, அல்லது எனக்குப் படிப்பிக்கத் தெரியவில்லையா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரி 4

நான் ஏ9 வீதிக்குப் பக்கத்தில், கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் பதினொரு வருடமாகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். விருப்பமில்லை என்ற பேச்சை விடுங்கள். விசுவமடுவிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் விடியப்புறம் ஐந்தரைக்கு பஸ் ஏறி, ஒற்றைக் காலில் நின்று வருகிற பிள்ளைக்கு விருப்பமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் பதில்: மொழி. போன வருடம் ஒரு வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பையனிடம் "மோட் என்றால் என்ன?" என்று கேட்டேன். வியர்த்துவிட்டான். மின்விசிறி நேரே அவன் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சரி, தமிழில் கேட்போம் என்று, "ஒரு தரவுக் கூட்டத்தில் கூடத் தரம் வருகிற எண்ணுக்கு என்ன பெயர்?" என்றேன்.

"ஆகாரமா மிஸ்? அது எட்டாம் வகுப்பிலயே தெரியும்!"

அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. இடை, இடையம், ஆகாரம், வீச்சு, நியம விலகல் என்று பாடசாலை முழுக்கத் தமிழில் படித்த பிள்ளைக்கு, இங்கே முதல் நாளே எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிடுகிறோம். தெரிந்த ஆளுக்கு முகமூடி போட்டு "இவர் யார்?" என்று கேட்பது போலத்தான் அது. அன்றிலிருந்து பலகையில் இரண்டு பெயரையும் எழுதுகிறேன். ஆகாரம் என்று எழுதியதும் பின்வாங்கில் யாராவது "மிஸ், நேரம் பன்னிரண்டாச்சு" என்பார்கள். வருடா வருடம் அதே பகிடி, வருடா வருடம் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிறேன். சோற்றுக்கும் புள்ளிவிபரத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர் நல்லாயிருக்க வேண்டும்.

ஆகவே நீங்களும் தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாய் திறப்பார்கள்.

2025 பெப்ரவரி 10

இதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி, முதலாம் வருட ஒப்படைக்குக் கடைசி நேரம். எல்லாம் இணையத்தில் ஏற்ற வேண்டும். மத்தியானத்துக்கு முன்னமே நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சரே சொன்னார்.

இரவு வாட்ஸ்அப்பைத் திறக்கிறேன், பதினேழு செய்தி. எல்லாவற்றிலும் குரங்கு. "மிஸ், குரங்கால ஒப்படை ஏத்தேலாமல் போச்சு." "மிஸ், குரங்குப் பிரச்சினை." ஒருத்தி ஒரு படி மேலே போய், "மன்னிக்கவும் மிஸ், பாணந்துறைக் குரங்கு காரணமாக" என்று முறையான விண்ணப்பக் கடிதமாகவே எழுதி, திகதி போட்டு, "இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள மாணவி" என்று முடித்திருந்தாள்.

பதினொரு வருடத்தில் கேட்ட சாட்டுகளில் செய்தியில் வந்து உறுதியான சாட்டு இது ஒன்றுதான். மூன்று நாள் நீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

2025 பெப்ரவரி 11

நேற்றையதில் சாட்டு என்று எழுதியது சரியில்லை. பதினேழு பேரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். ஐந்து பேருக்கு வீட்டில் மடிகணினி இல்லை. அண்ணாவின் போனில் தட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறவர்கள். அண்ணா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் நிற்பார். கடைசி நாளில் ஏற்ற வந்தது பஞ்சியால் அல்ல, போன் அன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. இனி ஞாயிறு இரவு என்று நேரம் வைக்க மாட்டேன். திங்கள் மாலை, வளாகக் கணினி அறை பூட்டுகிற நேரம்.

இன்றும் சுழற்சி முறையில் ஒன்றரை மணித்தியாலம் கரண்ட் வெட்டு. நாளை போயா விடுமுறை. மூன்று நாளை ஐந்தாக்கிவிட்டேன்.

2025 பெப்ரவரி 19

இந்த இழையில் ஒருவர், "கோட்டாவில் உள்ளே வருகிற பிள்ளைகள், அதுதான் இந்த நிலை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இதைப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை அளவில். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பதினாறு மாவட்டம் இருக்கிறது ஐயா. நுவரெலியாவும் மொனராகலையும் அம்பாந்தோட்டையும் அதில்தான் இருக்கின்றன.

இனி, அந்த 5 வீதத்தில் வருகிற பிள்ளை என்ன செய்துவிட்டு வருகிறது? இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாமல் ஒரு தவணை. ஆய்வுகூடம் என்று பூட்டிய ஓர் அறை. சனி, ஞாயிறு ரியூசனுக்கு முப்பது கிலோமீற்றர். போன கார்த்திகைப் புயலில் வெள்ளம் வந்து உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தி, டிசம்பரில் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது என் பக்கத்து வீட்டுப் பிள்ளை புத்தகத்தைப் பொலித்தீன் பையில் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் வடிந்ததும் அதே பையை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினாள். கொழும்பில் ஏசி போட்ட ரியூசன் மண்டபத்தில் படித்த பிள்ளையின் புள்ளியையும் இவளின் புள்ளியையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று. என் வகுப்பில் திறமை அடிப்படையில் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் "விளங்குதா" என்றால் தலையாட்டுகிறார்கள்தான்.

2025 மார்ச் 2

அரிவி வெட்டுக் காலம். வரவு விழுந்துவிட்டது. 80 வீதம் வரவில்லாவிட்டால் பரீட்சை எழுத விட முடியாது என்பது எங்கள் விதி, அதைச் சொல்லிச் சொல்லி எனக்கு நா வறண்டுவிட்டது. வெட்டு மெசின் வருகிற நாளை மெசின்காரர்தான் தீர்மானிக்கிறார். அது செவ்வாய்க்கிழமை பத்து மணி விரிவுரையைப் பார்த்து வருவதில்லை. வயலில் மூடை கட்ட ஆள் வேண்டும், அம்மா தனிய, பிள்ளை நிற்கத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை வந்தவர்கள் பத்தொன்பது பேர். நியம விலகல் தொடங்க வேண்டிய நாள். பாடநூல் உதாரணம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் மின்குமிழ்களின் ஆயுள். அதை எழுதப் போய், சரி வேண்டாம் என்று அழித்துவிட்டு, "கடைசி மூன்று காலபோகமும் உங்கட வயலில் ஏக்கருக்கு எத்தனை மூடை?" என்று கேட்டேன்.

பதினைந்து கை உயர்ந்தது. அந்த வகுப்பில் அதற்கு முன் நான் ஒரு கையையும் கண்டதில்லை.

முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற காணிக்காரப் பிள்ளை சொன்னது: 17, 18, 19. ஒட்டுசுட்டான் பக்கம் மானாவாரி செய்கிற வீட்டுப் பையன் சொன்னது: 24, 18, 12. இரண்டையும் பலகையில் எழுதி இடை கண்டுபிடிக்கச் சொன்னேன். இரண்டுக்கும் 18.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வயலா?"

"இல்லை மிஸ்" என்று ஒரே குரல். மானாவாரிப் பையன் எழும்பி, "மிஸ், ரெண்டு பேரும் பாங்கில கடன் கேட்டுப் போனால் அவளுக்குத்தான் குடுப்பாங்கள். எனக்குத் தரமாட்டாங்கள்" என்றான். நியம விலகலை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. விலகலை எடுத்து, வர்க்கித்து, கூட்டி, மூன்றால் பிரித்து, வர்க்கமூலம் எடுத்தோம். அவளுக்கு 0.82, அவனுக்கு 4.9. "நாலு தசம் ஒன்பது மூடைப் பயம்" என்று முன்வாங்கில் ஒருத்தி கொப்பியில் எழுதினாள். கண்ணால் கண்டேன்.

அப்புறம் வந்ததுதான் பெரிய கேள்வி. "மிஸ், 2021 காலபோகத்தையும் சேர்க்கவா? அந்த வருசம் இரசாயன உரத்துக்குத் தடை. எங்களுக்கு ஏழு மூடைதான்." வழக்கமாக நான், மற்றவற்றிலிருந்து மிகத் தள்ளி நிற்கிற எண்ணைத் தனியாக எடுத்துவைத்து ஆராயலாம் என்று சொல்லிக்கொடுப்பேன். அதையே சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:

"ஏன் மிஸ் எடுக்கவேணும்? அந்த வருசமும் நாங்கள் சாப்பிட்டுத்தானே உயிரோட இருந்தனாங்கள்?"

மணி அடித்த பிறகும் இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஓர் எண்ணை வைப்பதா எடுப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். விதைநெல் தெரிவுக்கு அந்த வருடம் வேண்டாம். கடன் கட்ட முடியுமா என்று பார்க்க அது கட்டாயம் வேண்டும்.

2025 மார்ச் 3

பெப்ரவரி 4 எழுதியதைத் திரும்ப வாசித்தேன். மொழிதான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். பாதிதான் சரி. போன தவணை ஒரு முழுப் பாடத்தைத் தமிழிலேயே எடுத்தேன், அப்போதும் இதே தலையாட்டல்தான். வியாழக்கிழமை அவர்கள் வாய் திறந்தது தமிழ் என்பதால் மட்டுமல்ல. அன்றைக்கு விடை என்னிடம் இல்லை, அவர்களிடம் இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் மட்டும், ரியூசன் கொட்டிலில் இருநூறு பேரோடு இருந்து, சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய பிள்ளைகள். ஆசிரியர் வேகத்துக்கு எழுதி முடிப்பதுதான் அங்கே கெட்டித்தனம். கை உயர்த்தினால் மற்ற நூற்றித் தொண்ணூற்றொன்பது பேரின் நேரம் போகும். அங்கே கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையைத்தான் இங்கும் எங்களுக்குத் தருகிறார்கள். "விளங்குது மிஸ்" என்று அவர்கள் சொன்னால் அதற்குப் பொருள் "நீங்கள் கஷ்டப்பட்டுச் சொன்னீங்கள், நன்றி" என்பது.

2025 மார்ச் 21

நேற்றுப் பின்னேரம் விடைத்தாள் கட்டை மறந்துவிட்டுப் போய், ஏழு மணிக்குத் திரும்ப வந்தேன். மேல்மாடியில் ஓர் அறையில் வெளிச்சம். கதவு பாதி திறந்திருந்தது. குப்பி நடக்கிறது.

பலகைக்கு முன்னால் நின்றவள் என் வகுப்பில் மூன்றாவது வரிசையில், யன்னலோரம் இருப்பவள். முதலாம் தவணையிலிருந்து அவளின் குரலை நான் வரவு கூப்பிடும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன். "செவ்வன் பரம்பல்" என்று எழுதி, அதன் கீழே மணி வடிவில் கோடு கீறி, "இது நந்திக்கடல் வீச்சுவலையில வாற றால். சின்னன் கொஞ்சம், பெரிசு கொஞ்சம், நடுத்தரம்தான் நிறைய. விளங்குதா?" என்றாள்.

"விளங்கேல்லை. திரும்பச் சொல்லு."

"எந்த இடம்?"

"றால் வரைக்கும் விளங்குது. இந்த இசட் எங்கயிருந்து வந்தது?"

இரண்டாம் முறை சொன்னாள். மூன்றாம் முறை வேறு உதாரணத்தோடு சொன்னாள். ஒருவன், "நீ மிஸ் மாதிரி ஓடாத, ஆறுதலாச் சொல்லு" என்றான். நான் இருட்டில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தைந்து நிமிடம் போயிருக்கும். அவள் ஒரே ஓர் இடத்தில் பிழை விட்டாள், அட்டவணையில் ஒரு நிரை தள்ளிப் பார்த்துவிட்டாள். அதையும் பின்னாலிருந்து ஒருத்தி பிடித்துவிட்டாள்.

உள்ளே போகவில்லை. போயிருந்தால் எல்லோரும் எழும்பி நின்று "குட் ஈவினிங் மிஸ்" என்று சொல்லி, அத்தோடு அந்தக் குப்பி முடிந்திருக்கும். காலையில் அவளைக் கண்டபோதும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த "எந்த இடம்?" என்ற கேள்வி இரவு முழுக்கத் தலைக்குள் நின்றது. பதினொரு வருடமாக நான் கேட்டது "விளங்குதா?" என்பது. அதற்கு ஆம், இல்லை இரண்டுதான் விடை, இல்லை என்பது மரியாதைக் குறைவு. அவள் கேட்டது "எந்த இடம்?"

2025 மார்ச் 22

வெளிநாட்டிலிருந்து வாசிக்கிற ஒருவர் குப்பி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். படித்த பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் இருந்து சொல்லிக்கொடுப்பது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் தமிழ், சிங்களம் என்றில்லாமல் இதே சொல்தான். குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததிலிருந்து வந்த பெயர் என்றுதான் எங்களுக்கு மூத்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அந்த விளக்கே தெரியும். தொண்ணூறுகளில் வன்னிக்குக் கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாய் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் நாங்கள் நாலு பேர் சுற்றியிருந்து ஓ.எல். படித்தோம். கணக்குச் சொல்லித்தந்தவள் என் மச்சாள். அவளிடம் நான் ஒரே கணக்கைப் பத்துத் தரம் கேட்டிருக்கிறேன். பாடசாலையில் ஆசிரியரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இதை நேற்று எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

2025 ஏப்ரல் 8

இரண்டு கிழமையாகச் செய்து பார்ப்பதைச் சொல்கிறேன். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் முன்னால் ஆளுக்கொரு துண்டுத் தாள். உள்ளங்கை அளவு. பெயர் வேண்டாம், சுட்டெண் வேண்டாம். "இன்றைக்கு எந்த இடத்தில் விட்டீர்கள்?" என்று பலகையில் எழுதிவிட்டு வெளியே போய் நிற்பேன். மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள்.

முதல் நாள் 41 துண்டு. 29 வெறுமை. மிச்சத்தில் ஒன்றில் ஒரு யானை, நன்றாகவே கீறியிருந்தது. ஒன்றில் "பசி". ஒன்றில் "எல்லாம் சூப்பர் மிஸ்". ஒன்றில், "நீங்கள் 'ஆகவே' என்று சொல்லும்போதெல்லாம் நடுவில் ஒரு வரி காணாமல் போகிறது." என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். உண்மை. எனக்குப் பழகிப்போன படிகளை விழுங்கிவிட்டு "ஆகவே" என்கிறேன். இப்போது ஒவ்வொரு "ஆகவே"க்கும் முன் நின்று, விட்ட வரியை எழுதுகிறேன்.

இன்னொன்று, சின்ன எழுத்தில்: "மிஸ், பின்னேரம் பின்வாங்குக்குப் பலகை தெரியாது. வெயில்."

நான் நம்பவில்லை. அடுத்த நாள் இரண்டரைக்கு, வகுப்பு இல்லாத நேரம், பலகை முழுக்க எழுதிவிட்டுப் பின்வாங்கில் போய் இருந்தேன். மேற்குப் பக்க யன்னலுக்குத் திரை இல்லை. வெயில் சாய்வாக வந்து வெள்ளைப் பலகையில் விழுகிறது. இடது பாதி முழுவதும் ஒரு தகடு மாதிரி மின்னுகிறது. ஒரு எழுத்தும் தெரியவில்லை. தலையை வலப்பக்கம் சரித்தால் சமன்பாட்டின் சமன் குறிக்குப் பிறகுள்ளது மட்டும் தெரிகிறது. பின்வாங்குப் பையன்கள் எப்போதும் கழுத்தைச் சரித்துக்கொண்டிருப்பதை நான் தூக்கம் என்று நினைத்தேன். இரண்டு பேரை எழுப்பி ஏசியும் இருக்கிறேன்.

அந்த அறையில் நான் மூன்று வருடம் பின்னேர வகுப்பு எடுத்திருக்கிறேன். மூன்று வருடமும் பாதிப் பலகையைப் பார்க்காமல் இருந்துவிட்டு, "விளங்குது மிஸ்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

திரைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

2025 ஏப்ரல் 24

சித்திரை விடுமுறை முடிந்து பாதிப் பேர்தான் வந்திருக்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ்களும் இழவுச் செய்திகளும் குவிந்திருக்கின்றன. இங்கே ஒருவர், "என் மாணவன் ஒருவனின் அம்மம்மா இந்த வருடம் மூன்று தரம் செத்துவிட்டார்" என்று எழுதியதற்கு எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள். நானும் முன்பு சிரித்தவள்தான்.

சில வருடத்துக்கு முன் ஒரு மாணவி, இரண்டாவது அம்மம்மா, பிறகு மூன்றாவது அம்மம்மா என்று லீவு கேட்டாள். மூன்றாவதுக்கு நான் முகத்துக்கு நேரே, "உமக்கு எத்தனை அம்மம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனாள். அந்தக் கிழமை வேறு அலுவலாக முள்ளியவளைக்குப் போனபோது, வழியில் ஒரு செத்தவீடு. படலைக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். இறங்கி உள்ளே போனேன். அம்மம்மாவின் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பெண்கள். எங்கள் முறையில் ஐந்து பேரும் அம்மம்மாதான், வேறு சொல் ஏது? அதிலும் இந்த மூன்றாவது அம்மம்மாதான், தாய் தகப்பன் இல்லாத அவளை எடுத்து வளர்த்தவர்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லி, எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

இப்போது யார் வந்து எந்த அம்மம்மா என்று சொன்னாலும், "உங்களுக்கு என்ன முறை, எந்த ஊர்?" என்று மட்டும் கேட்பேன். கேட்டால் உட்கார்ந்து கதை சொல்வார்கள். பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களின் கதை ஊர்ப் பெயரிலேயே தட்டுத்தடுமாறும்.

2025 மே 20

18ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் நினைவு நாள், இம்முறை ஞாயிற்றுக்கிழமை. திங்கள் வகுப்பில் பதினொரு பேர். யாரிடமும் காரணம் கேட்கவில்லை. இந்த வருடத்துப் பிள்ளைகள் 2009இல் நாலு, ஐந்து வயது. பலர் முதலாம் வகுப்பைச் செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் தொடங்கியவர்கள். வந்த பதினொரு பேருக்கும் புதிதாக ஒன்றும் எடுக்கவில்லை. பழைய கணக்குகள் செய்தோம்.

2025 ஜூன் 12

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன கூட்டம் திரும்பி வந்து சேர்ந்துவிட்டது, கண்கள் மட்டும் இன்னும் நித்திரையில்.

திரை வரவில்லை. இரண்டாவது கடிதமும் கொடுத்தாயிற்று. நேற்று இரண்டு மணிக்கு வகுப்புக்குப் போனால், மேற்கு யன்னலில் ஒரு சாறி தொங்குகிறது. பழைய நூல் சாறி, மஞ்சளில் பச்சைக் கரை. யாருடைய அம்மாவின் சாறி என்று சொல்ல மறுக்கிறார்கள். வயலில் மூடை கட்டுகிற சணல் கயிற்றால், ஆணியில்லாமல், யன்னல் கம்பியிலேயே முடிந்திருக்கிறார்கள். மூன்று முடிச்சும் அப்படியே மூடை வாய் கட்டுகிற முடிச்சு.

பலகையில் முதல் வரியை எழுதிவிட்டுத் திரும்பினேன். "எந்த இடம் தெரியேல்லை?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம் மேல், ஒரு முழம்" என்றான், நான் ஏசிய இரண்டு பேரில் ஒருவன். "சாறியை இன்னும் கொஞ்சம் இழுங்கோ மிஸ்."

2025 ஜூன் 14

முதல் கேள்வி கேட்டவருக்கு: துண்டுத் தாள் கொடுத்தேன், எல்லாம் வெறுமையாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் கிழமையும் கொடுங்கள், மூன்றாம் கிழமையும் கொடுங்கள். பென்சிலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், எல்லோருக்கும் ஒரே நிறம். எழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவீர்கள் என்று பயம் அவர்களுக்கு. என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு மாதமாக இடது கையால் எழுதியிருக்கிறது. வரிகள் நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தன, கேள்விகள் எல்லாம் மிக நல்ல கேள்விகள். போன கிழமை அதே கேள்விகளின் தொடர்ச்சி வலது கை எழுத்தில் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

வாசித்த துண்டுகளை அடுத்த வகுப்பில் முதல் பத்து நிமிடம் எடுத்துப் பதில் சொல்லுங்கள். அதை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள். ஒருநாள் விட்டேன், அடுத்த நாள் 33 வெறுமை.